மேசைக்கு ஒரு வேட்டி, ஒரு சேலை

சம்பூர்ணம் இறந்த பிறகு கப்பலில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சரியாகச் சொன்னால், சாப்பிட உட்கார்ந்துகொண்டிருந்தாள். கப்பலின் மேல்தளத்தில் வெள்ளை மேசைவிரிப்பும் வெள்ளிக் கரண்டிகளும் உள்ள ஓர் உணவகம் இருந்தது. அதில் சன்னலோரமாக இரண்டு பேருக்கான மேசை ஒன்று அவள் பேரில் இருந்தது.

செத்துப்போனவர்களுக்கு எங்காவது ஒரு மேசை கிடைப்பது வழக்கம்தான். சிலருக்கு ரயிலில் கிடைக்கும். சிலருக்குக் கல்யாண மண்டபத்தில், கடைசிப் பந்தியில். சம்பூர்ணத்துக்குக் கப்பலில் கிடைத்தது. கேள்விப்பட்ட உறவினர்கள், "நல்ல இடமாத்தான் அமைஞ்சிருக்கு" என்றார்கள்.

அவளோடு சாப்பிட அதே கப்பலில் ஏறியிருந்த கணவர் குலசேகரனுக்கு, எதை உடுத்திக்கொண்டு அங்கே போவது என்பதுதான் ஒரே கவலை.

அவர் திண்டிவனத்தில் மின்வாரியத்துக்கு மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். உத்தியோக காலம் முழுவதும் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றவர். மீட்டர் வாசலில்தான் இருக்கும். வீடுகளுக்கு உள்ளே மனிதர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. தன் வீட்டில் அவர் கையை நீட்டினால் கையில் சட்டை வந்து விழும். அது எந்த அலமாரியிலிருந்து வருகிறது என்று அவர் விசாரித்ததில்லை.

கப்பலில் சாயங்காலம் மட்டுமே இருந்தது. சூரியன் கடலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. அது இறங்கினால் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும் என்பதால் நிர்வாகம் அதை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தது.

இருப்பதில் நல்லதாக ஒரு வெள்ளை அரைக்கைச் சட்டையும் சாம்பல் நிறக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு குலசேகரன் மேலே போனார். உணவக வாசலில் பெர்னதெத் நின்றாள். தூத்துக்குடிக்காரி. கறுப்புக் கோட்டு போட்டிருந்தாள். யாரை விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பது அவள் வேலை.

"நில்லுங்கய்யா. இந்தத் துணியோட உள்ள விட முடியாது."

"ஏம்மா? துவைச்சு இஸ்திரி போட்டதுதான்."

"துவைச்சது தெரியுது. சோப்பு வாசம் லிஃப்டு வரைக்கும் வருது. அதுக்கில்ல. பாத்தா, பில்லு கட்டலைன்னு ஃபியூசப் புடுங்க வந்த ஆளு மாதிரி இருக்கிய."

குலசேகரன் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். அப்படித்தான் இருந்தது. சட்டைப் பையில் பேனாகூட இருந்தது. அதை எடுத்துக் கால்சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டார்.

"உள்ள என் சம்சாரம் உக்காந்திருக்கா."

"தெரியும். சன்னல் மேசை. ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்காவ. சூப்பு வச்சோம், ஆறிப்போச்சு. மறுபடி வச்சோம், அதுவும் ஆறிப்போச்சு. எங்க சமையக்காரரு மனசொடிஞ்சு போய்ப் படுத்திட்டாரு."

"நான் சாப்பிடாம அவ சாப்பிட மாட்டா."

"அதத்தாம் அவங்களும் சொல்லுதாவ."

"அப்ப என்னை உள்ள விடலாமேம்மா."

"விடலாம். சரியா உடுத்திட்டு வந்தா."

"எது சரி?"

"வந்து நில்லுங்க. சரின்னா சரின்னு சொல்லுதேன். ஆனா சீக்கிரம் வாங்கய்யா. கரை தெரிஞ்சிட்டுன்னா மேசையக் கலைச்சிருவோம். பொறவு அவங்க எந்தக் கப்பலோ, யாரு கண்டா."

குலசேகரன் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். கரை தெரியவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக உணவகத்தைப் பார்த்தார். தூண் ஒன்று மறைத்தது. தூணுக்கு அப்பால் ஒரு காலி நாற்காலியும், யாரும் தொடாத ஒரு தட்டும் தெரிந்தன.

அவர் இறந்த பெண்ணைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தார். சட்டை சரியில்லாத காரணத்தால்.

அவருடைய அறைக்கு எதிர் அறையில் காரைக்குடிப் பக்கத்து நாச்சியப்பன் இருந்தார். கப்பல் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவர் பீரோவாகிவிட்டார். இரும்புப் பீரோ. பச்சை நிறம். நெஞ்சில் ஆள் உயரக் கண்ணாடி. அவர் மனைவி மீனாள் ஆச்சி அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. இவுகளப் பாத்தியளா? மூட்டு வலி மூட்டு வலின்னாக. இனி மடக்கவே வேண்டாம்."

"எப்படி ஆச்சு ஆச்சி?"

"எதையும் வெளிய சொல்றதில்ல. உள்ளயே வச்சுப் பூட்டிக்கிறது. ஆகாம என்ன செய்யும்?"

"நான் என்னத்தப் பூட்டினேன்" என்றது பீரோ.

"பாத்தியளா, இப்பத்தான் வாய் தொறக்குது."

குலசேகரன் தயங்கித் தயங்கித் தன் நிலைமையைச் சொன்னார். ஆச்சி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தாள். பிறகு நாச்சியப்பனின் கைப்பிடியைத் திருகித் திறந்தாள். அந்துருண்டை வாசம் வந்தது.

"மெதுவா" என்றார் நாச்சியப்பன்.

"சும்மா இருங்க. மக கல்யாண வரவேற்புக்குத் தச்ச கோட்டு உள்ளதான் கெடக்கு. இவுக ஒரு மணி நேரம் போட்டாக. அதுக்கே மூச்சு முட்டுதுன்னாக. இந்தாங்கண்ணே."

கறுப்புக் கோட்டு. கழுத்தில் மாட்ட ஒரு பட்டாம்பூச்சி முடிச்சு. குலசேகரன் போட்டுக்கொண்டு நாச்சியப்பனின் கண்ணாடியில் பார்த்தார். அளவெடுத்தது போல இருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டார். தனக்கும் கோட்டு பொருந்துகிறது என்று அவருக்கு இந்த வயதில் தெரியவந்தது. அந்த எண்ணம் வந்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

லிஃப்டில் ஒரு பெரியவர் தன் காலிக் கண்ணாடிக் கோப்பையை அவர் கையில் கொடுத்தார். குலசேகரன் வாங்கிக்கொண்டார். கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை. அடுத்த தளத்தில் ஏறிய பெண்மணி அந்தக் கோப்பைக்குள் பிழிந்த எலுமிச்சைத் துண்டு ஒன்றைப் போட்டாள்.

உணவக வாசலில் பெர்னதெத் அவரைப் பார்த்ததும் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள்.

"இம்புட்டு நேரம் எங்க போனீங்க? தூணோரத்து மேசையில தண்ணி கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டு போச்சு. போங்க, போங்க."

தான் யார் என்று சொல்ல அவர் வாய் திறந்தார். அதற்குள் கையில் தண்ணீர்க் கூஜா வந்துவிட்டது. எப்படியோ உள்ளே போனால் போதும் என்று நினைத்தார். தூணோரத்து மேசைக்குத் தண்ணீர் ஊற்றினார். பக்கத்து மேசைக்கும் ஊற்றினார். ஒருவர் தட்டை எடுக்கச் சொன்னார். எடுத்தார். இன்னொருவர் மீன் வேகவில்லை என்று திட்டினார். மன்னிப்புக் கேட்டார். மேசைகளுக்கு நடுவில் பாதை நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு மேசையிலும் தண்ணீர் தீர்ந்திருந்தது.

கடைசியில் தூணைத் தாண்டினார்.

சம்பூர்ணம் வேட்டி கட்டியிருந்தாள்.

நாலு முழம். பச்சைக் கரை. மேலே இளநீல நிறத்தில் ஆண்கள் சட்டை. மடிப்பு கலையாத புதுச் சட்டை. காலருக்குள் கடைக்காரன் வைத்த அட்டை அப்படியே இருந்தது. அதனால் அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வேட்டியோடு வந்த துண்டை மேலாக்குப் போலக் குறுக்கே போட்டு, நுனியை இடுப்பில் செருகியிருந்தாள். முழங்கால்களை ஒட்டி வைத்து மேசைவிரிப்பைத் தொடைமீது இழுத்து விட்டிருந்தாள்.

சுற்றிலும் பட்டு. சரிகை. முதுகு தெரிகிற நீள அங்கி. முத்து மாலை. நடுவில் அவள் தலை குனிந்து மேசைவிரிப்பின் நூலை எண்ணிக்கொண்டிருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

குலசேகரன் அந்த வேட்டியை அடையாளம் கண்டுகொண்டார். காலருக்குள் இருந்த அட்டையையும் அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன கொண்டுவரட்டுங்க?" என்றார். குரல் கோட்டுக்குள்ளிருந்து வந்தது.

அவள் நிமிரவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் பரிமாறுகிறவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. "ஒண்ணும் வேணாம் தம்பி. எங்க வீட்டுக்காரர் வரட்டும்."

"எப்ப வருவாருங்க?"

"வந்துருவாரு. எந்தத் துணியப் போடறதுன்னு தெரியாம நின்னுக்கிட்டிருப்பாரு. எடுத்து வைக்க ஆள் இல்ல பாருங்க."

"தண்ணியாவது குடிங்கம்மா."

"அவரு வந்துரட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, ஒரு ஊக்கு கிடைக்குமா? இது இடுப்புல நிக்கவே மாட்டேங்குது. எழுந்திரிச்சா அவுந்துருமோன்னு பயமா இருக்கு."

குலசேகரன் பைகளைத் தடவிப் பார்த்தார். கோட்டில் நிறைய பைகள் இருந்தன. எதிலும் ஊக்கு இல்லை. பக்கத்து மேசைப் பெண்மணி விசிறியால் அவர் முழங்கையைத் தட்டினாள்.

"ஏம்ப்பா, அந்தம்மா ஏன் வீட்டுக்காரர் துணிய மாட்டிக்கிட்டு வந்திருக்கு? இங்கல்லாம் ஒரு தராதரம் கிடையாதா?"

நான்தான் அந்த வீட்டுக்காரர். அந்தத் துணி நான் கொடுத்தது. இந்த இரண்டு வாக்கியங்களும் அவர் நாக்கின் மேல் இருந்தன.

"தெரியலீங்க மேடம்" என்றார்.

சம்பூர்ணம் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டாள். குலசேகரன் கூஜாவைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தார். வெளியே வரும் பாதை நீளவே இல்லை. மூன்றே எட்டில் வாசல் வந்துவிட்டது.

பெர்னதெத்தின் முன்னால் நின்று கழுத்து முடிச்சைக் கழற்றினார்.

"நான் சர்வர் இல்லம்மா. நான்தான் அவ புருஷன்."

"எனக்கு முதல்லயே சந்தேகம். யாரும் இவ்வளவு வாஞ்சையாத் தண்ணி ஊத்த மாட்டாவ."

"அவ எதுக்கு வேட்டியில இருக்கா?"

"நீங்க படைச்சதத்தானய்யா உடுத்த முடியும்? பொறத்தியாரு துணி அங்க ஏது?"

அவர் கோட்டின் பொத்தானைத் திருகினார். அது தெரிந்த விஷயம்தான். சம்பூர்ணத்துக்குப் படையல் போட்ட அன்று புதுத்துணி வைத்துக் கும்பிட வேண்டும் என்றார்கள். சுமங்கலியாகப் போனவள். சேலை, ரவிக்கைத் துண்டு, வளையல், பூ எல்லாம் வைக்க வேண்டும். குலசேகரன் துணிக்கடைக்குப் போனார். ஆண்கள் பிரிவு தரைத்தளத்தில் இருந்தது. சேலைகள் மாடியில். மாடிப்படி முழுக்கப் பெண்களாக இருந்தார்கள். தனியாக ஓர் ஆண்பிள்ளை அவர்கள் நடுவில் ஏறிப் போய், உட்கார்ந்து, சேலை விரித்துக் காட்டச் சொல்வது எப்படி? கீழேயே ஒரு வேட்டி, துண்டு, சட்டை என்று ஒரே பெட்டியாகக் கிடைத்தது. துணி என்றால் துணிதானே என்று எடுத்து வந்தார். வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். மகன் கனடாவிலிருந்து போனில் முகம் காட்டிக் கும்பிட்டான். போன் வடைத்தட்டைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது.

"நான் ஒரு சேலை வாங்கித் தர்றேன். உள்ள கொண்டுபோய்க் குடும்மா. மாத்திக்கிடட்டும்."

"உள்ள வந்தவங்க துணி மாத்துறதுக்கு இடம் கிடையாதுய்யா."

"அப்ப என்ன செய்யறது?"

"இங்க ஒரே ஒரு சட்டம்தாம். மேசைக்கு ஒரு வேட்டி, ஒரு சேலை. அவங்க வேட்டில இருக்காவ." பெர்னதெத் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மிச்சத்த நான் சொல்லணுமா?"

"என்னம்மா கேலி பண்ற?"

"வேல நேரத்துல கேலி பண்ண மாட்டேன்யா. சம்பளத்தப் புடிச்சிருவாவ."

குலசேகரன் சன்னலைப் பார்த்தார். கடலின் விளிம்பில் பென்சிலால் கிழித்தது போல ஒரு கோடு இருந்தது. அது மேகமாக இருக்கலாம்.

"அது மேகம் இல்ல" என்றாள் பெர்னதெத்.

கப்பலிலும் துணிக்கடை இருந்தது. தரைத்தளத்தில் ஆண்கள் பிரிவு. மாடியில் பெண்கள் பிரிவு. படி ஏற ஏற இன்னொரு படி வந்தது. படிக்குப் படி பெண்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவருக்கு வழிவிட எழுந்திருக்கவில்லை. ஒருத்தி முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்கினாள்.

"யாருக்கு எடுக்க வந்திருக்காரு?" என்றாள் கீழ்ப்படிக்காரி.

"பொண்டாட்டிக்கா இருக்கும்" என்றாள் நடுப்படிக்காரி.

"பொண்டாட்டிய ஏன் கூட்டிட்டு வரல?"

"சண்டையா இருக்கும்."

"யாருக்குங்க?" என்று மேல்படிக்காரி அவரிடமே கேட்டுவிட்டாள்.

மகளுக்கு என்று சொல்லியிருக்கலாம். மருமகளுக்கு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் அவருக்கு இல்லை. இல்லாதவர்களின் பேரைச் சொல்வதில் தப்பில்லை.

"எனக்கு" என்றார்.

கப்பலின் இயந்திரம் ஒரு நிமிஷம் நின்று, பிறகு ஓடியது. படியில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து வழிவிட்டார்கள். அவர்கள் சிரித்திருந்தால் தேவலை. யாரும் சிரிக்கவில்லை.

மாடியில் மீசை வைத்த விற்பனையாளர் ஒருவர் மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க சார். என்ன பாக்குறீங்க?"

"சேலை. கொஞ்சம் மங்கலா."

"எங்க உடுத்திட்டுப் போக?"

"மேல. சாப்பிட."

"அப்பப் பட்டுதான் சார். அங்க காட்டன் விட மாட்டாங்க." அவர் ஒரு சேலையை உதறி எடுத்தார். சட்டென்று எழுந்து தன் தோளிலேயே போட்டுக்கொண்டு, முந்தானையை முழங்கையில் விரித்துப் பிடித்துக் கழுத்தை ஒடித்து நின்றார். மீசைக்குக் கீழே சரிகை பளபளத்தது. "பாடர் பாருங்க சார். உடம்புல விழறதப் பாருங்க."

அந்த மனிதர் நாள் முழுக்க அப்படி நின்றிருக்கிறார். ஊரே பார்க்கிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. குலசேகரனுக்குப் பொறாமையாக இருந்தது.

"உங்களுக்குக் கூச்சமா இருக்காதா?"

"எது சார்?"

"ஒண்ணுமில்ல."

"வீட்டம்மாவுக்கு என்ன கலர் பிடிக்கும் சார்? அதையே எடுத்துருவோம்."

குலசேகரன் யோசித்தார். மொட்டை மாடிக் கொடியில் சம்பூர்ணத்தின் சேலைகள் உலர்ந்தது நினைவுக்கு வந்தது. காற்றில் ஆடின. ஈரமாக இருந்தன. அவற்றை விலக்கிக்கொண்டு அவர் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கப் போவார். விலக்கிய கை தெரிந்தது. நிறம் தெரியவில்லை.

"நீங்களே ஒண்ணு குடுங்க" என்றார்.

விற்பனையாளர் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று கொடுத்தார். கொடுக்கும்போது தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். புருஷன்மார்கள் இந்தக் கேள்விக்கு விழிப்பதை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

மீனாள் ஆச்சி எதுவும் கேட்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

"கையத் தூக்குங்கண்ணே. மூச்ச உள்ள இழுங்க. இன்னும். இந்தத் தொப்பைய எங்க கொண்டுபோய் வைக்க?"

"ரவிக்கை?"

"உங்களுக்கு எது பத்தும்? வெள்ளச் சட்டையே இருக்கட்டும். இப்பல்லாம் சட்டை மேலதான் கட்டுறாகளாம், எம் பேத்தி சொன்னா."

பாவாடை நாடாவை அவள் இறுக்கியபோது அவருக்கு இடுப்பு இரண்டாகத் தெறித்தது. "கொஞ்சம் தளர்த்துங்க ஆச்சி."

"தளர்த்தினா நடுவழியில நிப்பிய. இப்பிடித்தான் இருக்கும். நாங்கல்லாம் என்ன, ரப்பரா?"

அவள் கொசுவம் பிடித்தாள். விரலுக்கு விரல் மடித்து, வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டே பேசினாள். குலசேகரன் தன் எதிரே நின்ற நாச்சியப்பனின் கண்ணாடியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

"நான் வேணும்னு பாக்கல" என்றார் நாச்சியப்பன். "கண்ணாடிய மூட முடியாது."

"பரவால்லைங்க."

"நல்லாத்தான் இருக்கு."

ஆச்சியின் கை நின்றது. அவள் வாயிலிருந்த ஊக்கை எடுத்தாள். "என்னைய ஒரு நாள் சொல்லியிருப்பாகளா இப்பிடி? கேளுங்கண்ணே. ஒரு நாள்?"

பீரோவுக்குள் ஏதோ ஒரு கொக்கி கழன்று விழும் சத்தம் கேட்டது.

குலசேகரன் தாழ்வாரத்தில் இறங்கினார். தாழ்வாரம் உடனே நீண்டது. இரு பக்கமும் அறைக்கதவுகள். ஒவ்வொரு கதவும் திறந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் வந்து நின்றார். எல்லாம் அவர் மீட்டர் பார்த்த வீட்டுக்காரர்கள். முன்பெல்லாம் அவர்கள் உள்ளிருந்தபடியே "பாத்துட்டுப் போங்க" என்பார்கள். இப்போது வாசலுக்கே வந்து பார்த்தார்கள்.

"இது நம்ம கரண்டாபீஸ்காரர் இல்ல?"

"அவரேதான். பாவம், பொண்டாட்டி போனதுல இருந்து..."

"சேலை நல்ல சேலை."

அவரோடு வேலை பார்த்த தணிகாசலம் ஒரு வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றான். "டேய் குலசேகரா! மாப்பிள்ளை யாருடா?" என்று கத்தினான். தாழ்வாரம் முழுக்க அந்தக் கேள்வி உருண்டு போனது.

குலசேகரனுக்குக் காது எரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தார். வேண்டுமானால் அடுத்த கப்பலில் முயன்று பார்க்கலாம். வட்டச் சன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. கோடு தடித்திருந்தது. கோட்டின் மேல் பனைமரங்கள் முளைத்திருந்தன. மேலே, தூணுக்கு அப்பால், அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். "டேய், கணுக்கால் தெரியுதுடா" என்றான் தணிகாசலம். தெரிந்தது.

பெர்னதெத் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு சன்னலைப் பார்த்தாள். பிறகு தன் கோட்டிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி, அவர் தோளில் நழுவியிருந்த முந்தானையை மடித்துக் குத்தினாள்.

"சரி" என்றாள். "இப்பச் சரி."

பெரிய கதவைத் திறந்தாள்.

உள்ளே எல்லாக் கரண்டிகளும் நின்றன. விசிறிக்காரப் பெண்மணியின் விசிறி நின்றது. குலசேகரன் நடந்தார். பட்டு ஒவ்வோர் அடிக்கும் சத்தம் போட்டது. சன்னல் மேசை இந்த முறை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அந்தம்மா துணியப் பத்திக் கேட்டீங்களே" என்று பக்கத்து மேசையைப் பார்த்துச் சொன்னார். "அது நான் வச்ச துணிங்க. நான்தான் வீட்டுக்காரர்."

"ஓ" என்றாள் விசிறிக்காரி.

சம்பூர்ணம் நிமிர்ந்தாள். காலர் அட்டை கழுத்தில் இடித்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். சேலையின் சரிகைக் கரையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

"மாடி ஏறிப் போயா?"

"ஆமா."

"ம்" என்றாள். துண்டைச் சரிசெய்துகொண்டு, "எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

"உனக்கு ரொம்பக் கூச்சமா இருந்துதா?"

"இருந்துச்சு. இப்ப ஆளுக்குப் பாதி."

பரிமாறுகிறவர் வந்தார். வெள்ளி மூடி போட்ட பெரிய தட்டைக் கொண்டுவந்து சம்பூர்ணத்தின் முன்னால் வைத்தார். மூடியைத் திறந்தார். ஆவி பறக்கும் சோறு. கருவாட்டுக் குழம்பு. பொரித்த மீன்தலை. அந்த உணவகத்தின் பட்டியலில் அப்படி ஒன்று இருந்திருக்காது. ஆனால் தட்டு தங்கக் கரை போட்ட தட்டு.

"எனக்கும் வைங்க" என்றார் குலசேகரன்.

"ஐயா முதல்ல சாப்பிடட்டும்" என்று பரிமாறுகிறவர் வேட்டியைக் காட்டினார். "அம்மா அப்புறமாச் சாப்பிடுவாங்க."

அவர் போய்விட்டார். சம்பூர்ணம் தட்டைத் தொடவில்லை.

"நீங்க சாப்பிடாம எப்படிங்க?"

"நீ சாப்பிடு. நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது. இத்தனை வருஷமாக எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டது. பதில் சொல்லத் தேவையில்லாத வாக்கியம் என்று அதை நினைத்திருந்தார்.

சம்பூர்ணம் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு சாப்பிட்டாள். முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. அவள் குழம்பைச் சோற்றில் ஊற்றுவதில்லை, சோற்றைக் குழம்புக்குக் கொண்டுபோகிறாள். மீன்தலையின் கண்ணைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறாள். முள்ளைத் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்குகிறாள். இவள் சாப்பிடுவதைக் குலசேகரன் பார்த்ததே இல்லை. வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்து பேப்பர் படிக்கப் போன பிறகுதான் அடுப்படியில் தட்டுச் சத்தம் கேட்கும்.

அவருக்குப் பசித்தது. இடுப்பில் நாடா அறுத்தது. குழம்பு வாசம் முகத்தில் அடித்தது. எதிரே ஒருவர் வயிறார உண்ண, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இவ்வளவு நீளமானது என்று அவருக்குத் தெரியாது.

"இன்னுங் கொஞ்சம் சோறு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

கேட்டார். வந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சுற்றியிருந்த மேசைகளிலிருந்து விரிப்புகளை உருவத் தொடங்கியிருந்தார்கள். நாற்காலிகளைக் கவிழ்த்தார்கள். சன்னலுக்கு வெளியே கரையில் வீடுகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. சூரியனை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அது இறங்கிக்கொண்டிருந்தது.

பெர்னதெத் இந்த மேசைப் பக்கம் வரவில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

சம்பூர்ணம் மீன்கண்ணை வாயில் போட்டுக்கொண்டாள். ஏப்பம் விட்டாள். எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினாள். அது அவிழவில்லை. கைகழுவப் போகும்போது நடை வீச்சாக இருந்தது. விசிறிக்காரி காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீங்க சாப்பிடலியே."

"பசியில்ல" என்றார் குலசேகரன்.

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். கண் சன்னலில் இருந்தது, கரையில். அங்கே பார்த்தபடியே கையை நீட்டித் துழாவி, அவருடைய முந்தானையைப் பிடித்து, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள்.

குலசேகரன் ஊக்கைக் கழற்றி, முந்தானையை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார்.